சஸ்டெய்ன் பெடலும் மிடி பியானோ லேயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கீபோர்டு, ஒரு கணினி, ஏதோ ஒரு ரெக்கார்டிங் மென்பொருள். ஒரே டேக்கில் பியானோ வாசித்து முடிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதன் மேல் இன்னொரு பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ், விட்டுப்போன இடது கை என்று அடுக்க ஆரம்பித்ததும் தொல்லை தொடங்கும். சில நோட் பாதியில் அறுந்துபோகும், சில நோட் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் ஒன்றுதான்: மிடியில் (வாசிப்பைக் கட்டளைகளாகப் பதியும் முறை) சஸ்டெய்ன் பெடல், அதாவது கீயை விட்டபின்னும் நோட்டை ஒலிக்க வைக்கும் பெடல், நோட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அது தனிச் செய்தி, சேனலுக்கு, அதாவது செய்திகள் வாத்தியத்துக்குப் போகும் எண்ணிட்ட பாதைக்கு, சொந்தமானது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான். எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் இவை பொருந்தும். பெயர் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

பெடலை மிதிக்கும்போது மிடியில் என்னதான் பதிவாகிறது?

சத்தம் எதுவும் பதிவாவதில்லை. மிடி என்பது நேரக்குறிப்போடு கூடிய கட்டளைகளின் வரிசை. கீயை அழுத்தினால் 'நோட் ஆன்', விட்டால் 'நோட் ஆஃப்'. பெடலை மிதித்தால் கன்ட்ரோலர் 64, சுருக்கமாக சிசி 64, ஒரு மதிப்போடு போகும். மதிப்பு 0 முதல் 127 வரை இருக்கலாம். 63 வரை பெடல் மேலே இருக்கிறது என்றும், 64 முதல் கீழே இருக்கிறது என்றும் வாத்தியம் எடுத்துக்கொள்ளும். சாதாரண ஆன்-ஆஃப் பெடல் 0, 127 இரண்டை மட்டுமே அனுப்பும்.

ஒரு பீட்டுக்கு 480 டிக் என்று வைத்து, இரண்டு பார் வாசித்ததன் ஈவென்ட் லிஸ்ட்டைப் பார்க்கலாம். முதல் எண் பார் (பீட்டுகளின் ஒரு சுற்று), இரண்டாவது பீட், மூன்றாவது டிக். வெலாசிட்டி என்பது கீயை அடித்த வேகம்.

1.1.000: நோட் ஆன், சி3, வெலாசிட்டி 72
1.1.060: சிசி 64, மதிப்பு 127
1.1.400: நோட் ஆஃப், சி3
2.1.000: நோட் ஆன், எஃப்3, வெலாசிட்டி 70
2.1.025: சிசி 64, மதிப்பு 0
2.1.110: சிசி 64, மதிப்பு 127

பியானோ ரோலில், அதாவது நோட்டுகளைக் கட்டைகளாகக் காட்டும் திரையில், பார்த்தால் சி3 ஒரு பீட்கூட இல்லாத குட்டைக் கட்டையாகத் தெரியும். காதுக்கோ அது ஒரு பார் முழுக்கக் கேட்கும். நோட் ஆஃப் வந்துவிட்டது, ஆனால் பெடல் கீழே இருப்பதால் வாத்தியம் அதை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. இரண்டாவது பாரில் 25-ஆவது டிக்கில் 0 வந்த பிறகுதான் சி3 அடங்குகிறது. ஆகவே நோட்டின் நீளத்தை மட்டும் பார்த்து எடிட் செய்யாதீர்கள். எடிட்டரில் நோட்டுகளுக்குக் கீழே சிசி 64 லேனை எப்போதும் திறந்து வைத்திருங்கள்.

முதல் டேக் அருமையாக வந்தது. அதே டிராக்கில் ஓவர்டப் செய்ததும் முதல் டேக்கின் பெடல் நாசமாகிவிட்டது. ஏன்?

ஓவர்டப் செய்யும்போது, அதாவது பழைய பதிவின் மேல் இன்னொன்றைப் பதியும்போது, புது நோட்டுகள் பழைய நோட்டுகளோடு கலக்கின்றன. அதில் பிரச்சினை இல்லை, நோட் ஒவ்வொன்றும் தனித்தனி. ஆனால் புதுப் பெடலும் பழைய பெடலோடு கலக்கிறது. அந்தச் சேனலுக்கு இருப்பது ஒரே பெடல்தான்.

முதல் டேக்கில் ஒன்றாவது பீட்டில் மிதித்து நான்காவது பீட்டில் எடுத்தீர்கள். இரண்டாவது டேக்கில் இரண்டாவது பீட்டில் மிதித்து மூன்றாவதில் எடுத்தீர்கள். கலந்தபின் வரிசை இப்படி ஆகிறது: 127, 127, 0, 0. மூன்றாவது பீட்டில் வரும் 0 எந்தக் காலிலிருந்து வந்தது என்று வாத்தியத்துக்குத் தெரியாது. பெடலைத் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்து, முதல் டேக்கின் நோட்டுகளையும் சேர்த்து அணைத்துவிடும். நான்காவது பீட்டில் வரும் 0-க்கு அணைக்க எதுவும் மிச்சமில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டாவது டேக்கில் பெடலை நீளமாகப் பிடித்திருந்தால், முதல் டேக்கில் சுத்தமாக அறுந்து நின்ற நோட்டுகள் எல்லாம் இப்போது ஒன்றின்மேல் ஒன்று வழியும். வாசித்தது சரிதான், ஆனால் கேட்பது சேறு.

தப்பிக்க எளிய வழி, ஓவர்டப்பைத் தனி டிராக்கில் பதிவு செய்வது. ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால் உடனே அன்டூ செய்யுங்கள். அன்டூ செய்ய முடியாத நிலை வந்துவிட்டால், மொத்த சிசி 64-ஐயும் அழித்துவிட்டுப் பெடலை மட்டும் புதிதாக மிதித்துப் பதிவு செய்வதே சுலபம். கலந்த பெடலிலிருந்து எது யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க உட்கார்ந்தால் பொழுதுதான் போகும்.

தனித்தனி டிராக்கில் போட்டால் போதுமா?

போதாது. இரண்டு டிராக்கும் ஒரே வாத்தியத்துக்கு, ஒரே சேனலில் போகிறது என்றால் டிராக் பிரித்ததால் பயனில்லை. இரண்டின் பெடலும் வாசலில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு லேயருக்கும் தனியாக ஒரு வாத்திய இன்ஸ்டன்ஸ் (மென்பொருள் வாத்தியத்தின் தனிப் பிரதி) திறங்கள். இல்லையென்றால் பல சேனல் ஏற்கும் சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் மென்பொருளில்) ஒன்றுக்கு சேனல் 1, அடுத்ததற்கு சேனல் 2 என்று ஒதுக்குங்கள். ஒரு மிடி இணைப்பில் 16 சேனல் இருக்கிறது, கஞ்சம் வேண்டாம்.

வெளியே இருக்கும் கீபோர்டின் சத்தத்தையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது பல சேனலில் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடியதா என்று பாருங்கள். பல விலை குறைந்த டிஜிட்டல் பியானோக்கள் ஒரு சேனலை மட்டுமே கேட்கும். அப்படியென்றால் முதல் லேயரை ஆடியோவாகப் பதிவு செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும்.

வலது கையையும் இடது கையையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறேன். எந்தக் கையோடு பெடலை மிதிப்பது?

எந்தக் கையோடும் வேண்டாம். இரண்டு கையையும் பெடல் இல்லாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் மூன்றாவது டிராக் ஒன்றைத் திறந்து, இரண்டு கையும் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே காலால் பெடலை மட்டும் மிதித்துப் பதிவு செய்யுங்கள். மூன்று டிராக்கும் ஒரே வாத்தியத்துக்கு, ஒரே சேனலில் போகட்டும்.

முந்தைய பதிலில் தனித்தனியாகப் பிரியுங்கள் என்றேன், இங்கே ஒன்றாக்கச் சொல்கிறேன். காரணம், இங்கே இருப்பது இரண்டு லேயர் அல்ல, ஒரே பியானோவின் இரண்டு கை. நிஜப் பியானோவில் வலது பெடலை மிதித்தால் தந்திகளை அமுக்கி வைத்திருக்கும் டேம்பர்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று பெடல் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு இன்ஸ்டன்ஸ் போட்டு, பாஸுக்கு மட்டும் பெடல் கொடுத்தால் அது இரண்டு பேர் இரண்டு பியானோ வாசிப்பது போல் இருக்கும். அதுதான் வேண்டுமென்றால் சரி.

மூன்றாவது டேக்கில் பெடலை மட்டும் மிதிப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் கையில் வேலை இல்லாதபோது காது நன்றாக வேலை செய்கிறது. பாஸ் எங்கே மாறுகிறது, மெலடியின் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் எங்கே உரசுகின்றன என்று கேட்டுக் கேட்டுக் காலை எடுக்கலாம். இந்த முறைக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. அது குவாண்டைஸ், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு (கிரிட்) இழுத்து ஒட்டுவது, பற்றிய கேள்வியில் வருகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெடல் இல்லாமல் வாசிக்கும்போது விரல்களைச் சீக்கிரம் தூக்கிவிடாதீர்கள். கால் மிதிக்கும்வரை கை பிடித்திருந்தால்தான் பெடல் அந்த நோட்டைப் பிடிக்கும்.

இரண்டு டிராக்கிலும் ஒரே நோட் வரும் இடத்தில் ஒன்று சட்டென்று நின்றுபோகிறது. பெடல்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. ஒரே சேனலில் சி4 ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு சி4 வந்தால், முதலில் வரும் நோட் ஆஃப் எதை நிறுத்தவேண்டும் என்பது தெளிவில்லை. சில வாத்தியங்கள் இரண்டையும் நிறுத்திவிடும். இடது கையின் மேல் நோட்டும் வலது கையின் கீழ் நோட்டும் மோதும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். முதல் நோட்டை, இரண்டாவது தொடங்குவதற்குச் சில டிக் முன்னால் முடியும்படி சுருக்குங்கள். நிஜப் பியானோவிலும் ஒரே கீயைத் திரும்ப அடிக்க முதலில் அதை விட்டுத்தானே ஆகவேண்டும்.

குவாண்டைஸ் செய்ததும் சில நோட் அறுகிறது, சில நோட் பார் முழுக்கத் தொங்குகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேரைப் படுத்தும் விஷயம் இதுதான். குவாண்டைஸ் நோட்டை நகர்த்துகிறது, பெடலை நகர்த்துவதில்லை. இரண்டுக்கும் இருந்த உறவு சில டிக் அளவு மாறினாலே போதும், விளைவு ஒரு பார் முழுக்கக் கேட்கும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். டெம்போ 75. அப்படியென்றால் ஒரு பீட் 800 மில்லிசெகண்ட். 480 டிக்கில் 3 டிக் என்பது 5 மில்லிசெகண்ட். நீங்கள் நோட்டை 40 டிக் தாமதமாக அடிக்கிறீர்கள். 80-ஆவது டிக்கில் பெடலை மிதிக்கிறீர்கள். 90-ஆவது டிக்கில் விரலைத் தூக்குகிறீர்கள். விரல் போவதற்குப் பத்து டிக் முன்னால் கால் வந்துவிட்டது, பெடல் நோட்டைப் பிடித்துக்கொண்டது. இப்போது குவாண்டைஸ் அந்த நோட்டை 0-க்கு இழுக்கிறது. நீளம் அதே 50 டிக், ஆகவே நோட் ஆஃப் 50-இல் வருகிறது. பெடல் இன்னும் 80-இல்தான் இருக்கிறது. நோட் செத்து 30 டிக் கழித்து, அதாவது 50 மில்லிசெகண்ட் கழித்து, பெடல் வருகிறது. பிடிக்க ஆளில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். முந்தைய கார்டின் (ஒன்றாக அடிக்கும் நோட்டுகளின்) நோட் ஆஃப், பெடல் மிதிப்பதற்கு ஒரு இம்மி முன்னால் இருந்தது. குவாண்டைஸ் அதைப் பின்னால் தள்ளியதும் பெடல் முதலில் வந்துவிடுகிறது. போகவேண்டிய நோட் மாட்டிக்கொண்டு அடுத்த கார்டோடு சேர்ந்து கத்துகிறது.

பெடலையும் சேர்த்து கிரிட்டில் குவாண்டைஸ் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நல்ல லெகாட்டோ பெடலில் (கார்டுகளை இடைவெளியின்றி இணைப்பதில்) கார்டு விழுந்த சிறிது நேரம் கழித்துக் கால் மேலே வரும், அதன் பின் மீண்டும் கீழே போகும். பதினாறாம் பாக கிரிட்டில் ஒட்டினால் மேலே வருவதும் கீழே போவதும் ஒரே புள்ளியில் விழுந்து பெடல் மாற்றமே காணாமல் போகும்.

என் சிபாரிசு, முதலில் நோட்டுகளைக் குவாண்டைஸ் செய்யுங்கள், கேட்டுச் சரிபாருங்கள், அதன் பிறகு பெடல் டேக்கை வாசியுங்கள். மேலே சொன்ன மூன்று டிராக் முறையின் பெரிய லாபம் இதுதான்: கால், திருத்தப்பட்ட நோட்டுகளைக் கேட்டு மிதிக்கிறது. ஏற்கெனவே பெடலோடு வாசித்துவிட்ட டேக்கென்றால் குவாண்டைஸ் அளவை 100 சதவீதம் வைக்காமல் 40, 50 என்று குறைத்து வையுங்கள். க்யூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் குவாண்டைஸ் பேனலில் 'மூவ் கன்ட்ரோலர்' என்ற தேர்வு இருக்கிறது. நோட்டோடு சேர்ந்த கன்ட்ரோலர்களையும் அது நகர்த்தும். உதவும், ஆனால் அதற்குப் பின்னும் சிசி 64 லேனை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

மெதுவான, தாளம் இழைந்து போகும் பாட்டென்றால் குவாண்டைஸே வேண்டாம் என்பேன். தப்பாக விழுந்த இரண்டு மூன்று நோட்டைக் கையால் நகர்த்தினால் போதும்.

எல்லா லேயரையும் ஒரே டிராக்காக்கி ஒருவருக்கு மிடி ஃபைலாக அனுப்பவேண்டும். எப்படி?

முதலில், உண்மையிலேயே ஒரே டிராக் வேண்டுமா என்று கேளுங்கள். மிடி ஃபைலில் இரண்டு வகை பரவலாகப் புழங்குகின்றன. வகை 1-இல் டிராக்குகள் தனித்தனியாகவே இருக்கும். வகை 0-இல் எல்லாம் ஒரே டிராக்கில் கொட்டப்படும், சேனல் எண் மட்டுமே பிரித்துக் காட்டும். உங்கள் லேயர்கள் எல்லாம் சேனல் 1-இல் இருந்து வகை 0-ஆக ஏற்றுமதி செய்தால், பெடல்கள் மீட்க முடியாதபடி கலந்துவிடும். வகை 1 போதுமென்றால் அதையே அனுப்புங்கள்.

ஒன்றாக்கியே ஆகவேண்டுமென்றால், ஒன்றாக்கும் முன் ஒவ்வொரு டிராக்கிலும் பெடலை நோட் நீளமாக மாற்றுங்கள். க்யூபேஸில் மிடி மெனுவின் ஃபங்க்ஷன்ஸ் பகுதியில் 'பெடல்ஸ் டு நோட் லெங்த்' என்றும், லாஜிக் ப்ரோ மென்பொருளில் 'சஸ்டெய்ன் பெடல் டு நோட் லெங்த்' என்றும் இருக்கும். பெடல் கீழே இருந்த நேரம் முழுவதும் நோட்டுகள் நீட்டப்படும். முதல் கேள்வியில் 400-ஆவது டிக்கில் முடிந்த சி3, இப்போது 2.1.025 வரை நீளும். பெடல் ஈவென்ட்டுகள் மிச்சமிருந்தால் அழித்துவிடுங்கள். இனி எந்த டிராக்கை எதோடு கலந்தாலும் ஒன்று இன்னொன்றை அறுக்காது. ஒரே நோட் இரண்டு டிராக்கிலும் மேற்படியும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இழப்பும் உண்டு. பெடலை மிதித்தால் நிஜப் பியானோவில் அடிக்காத தந்திகளும் சேர்ந்து அதிரும். நல்ல பியானோ மென்பொருள்கள் சிசி 64-ஐப் பார்த்துத்தான் அந்த அதிர்வைச் சேர்க்கின்றன. பெடலை அழித்துவிட்டால் நோட் நீளமாக இருக்கும், ஆனால் சத்தம் கொஞ்சம் வறண்டுபோகும். அரைப் பெடல் (பெடலைப் பாதி மட்டும் மிதிப்பது) நுணுக்கமும் போய்விடும். அதனால் அசல் டிராக்குகளை மியூட் செய்து புராஜெக்ட்டிலேயே வைத்திருங்கள், நகலில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். ஸ்வரக்குறிப்பாக அச்சிட அனுப்புகிறீர்கள் என்றால் நீட்டவே கூடாது; ஒரே இடத்தில் டை (நோட்டுகளை இணைக்கும் வளைகோடு) குவிந்து தாள் படிக்க முடியாமல் ஆகிவிடும்.

நடுவிலிருந்து பிளே செய்தால் பெடல் வேலை செய்யவில்லை, தொடக்கத்திலிருந்து போட்டால் சரியாக இருக்கிறது. ஏன்?

பெடலின் 127 ஐந்தாவது பாரில் இருக்கிறது, நீங்கள் ஆறாவது பாரிலிருந்து போடுகிறீர்கள். வாத்தியத்துக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. பின்னால் இருப்பதைத் தேடிப் பார்த்து அனுப்பும் வசதிக்கு 'சேஸ்' என்று பெயர். அமைப்புகளில் மிடி பகுதியில் இருக்கும். அதில் கன்ட்ரோலர்கள், குறிப்பாக சஸ்டெய்ன், தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

லூப் போட்டாலோ, துண்டாக வெட்டி ஒட்டினாலோ சத்தம் நிற்காமல் ஓடுகிறது.

வெட்டிய துண்டுக்குள் 127 இருக்கிறது, அதற்கான 0 வெட்டுக்கு அப்பால் போய்விட்டது. நான்கு பார் துண்டை வெட்டினால் அதன் கடைசி சில டிக்குகளுக்குள் ஒரு 0 வரைந்துவிடுங்கள். தொடக்கத்திலும் ஒரு 0 போடுவது நல்ல பழக்கம். முந்தைய துண்டு எந்த நிலையில் விட்டுப்போனாலும் இது சுத்தமாகத் தொடங்கும். தொடங்கும்போதே பெடல் கீழே இருக்கவேண்டிய துண்டென்றால் அங்கே 127.

பஞ்ச்-இன், அதாவது ஒரு பகுதியை மட்டும் மறுபதிவு, செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். பஞ்ச் தொடங்கும் முன்பே பெடலை மிதித்து வைத்திருந்தால், மிதித்த கணம் பதிவுக்கு வெளியே இருக்கும். பஞ்ச் தொடங்கியபின் ஒருமுறை காலை எடுத்து மிதியுங்கள், அல்லது பிறகு கையால் வரையுங்கள்.

பேனிக் பட்டனை அழுத்தியும் நோட் நிற்கவில்லையே?

பேனிக் என்ன அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. சிசி 123 என்பது 'ஆல் நோட்ஸ் ஆஃப்'. இது எல்லாக் கீயையும் விட்டதற்குச் சமம், அவ்வளவுதான். பெடல் கீழே இருந்தால் நோட்டுகள் பெடலில் தொங்கிக்கொண்டே இருக்கும். சிசி 120, 'ஆல் சவுண்ட் ஆஃப்', பெடலைப் பார்க்காமல் சத்தத்தையே நிறுத்தும். எதுவும் கைகொடுக்காவிட்டால் பெடலை ஒருமுறை மிதித்து எடுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பெடலை மிதித்தால் சத்தம் அறுகிறது, எடுத்தால் நீள்கிறது.

பெடலின் துருவம் உங்கள் கீபோர்டுக்கு எதிர்மாறாக இருக்கிறது. கீபோர்டை அணைத்துவிட்டு, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது இருக்கும் நிலையையே 'மேலே' என்று எடுத்துக்கொள்ளும். எம்-ஆடியோ எஸ்பி-2 போன்ற பெடல்களில் இதற்கென்றே அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். தலைகீழாகவே பதிவாகிவிட்ட டேக்கில் 0-ஐயும் 127-ஐயும் இடம் மாற்றினால் தீர்ந்தது, மறுபடி வாசிக்கவேண்டாம்.

அரைப் பெடல் தரும் பெடல் வாங்கலாமா? எடிட் செய்வது கடினமா?

யமஹா எஃப்சி3ஏ, ரோலண்ட் டிபி-10 போன்றவை 0, 127 மட்டுமின்றி நடுவில் உள்ள மதிப்புகளையும் அனுப்பும். ஆனால் கீபோர்டும் அதைப் படிக்கவேண்டும், மென்பொருள் வாத்தியமும் அதைப் புரிந்துகொள்ளவேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. பியானோடெக் போன்ற மென்பொருள் பியானோக்கள் நடு மதிப்புகளை மதிக்கும். பல சாம்ப்ள் பியானோக்கள் 64-ஐத் தாண்டியதா இல்லையா என்று மட்டுமே பார்க்கும்.

எடிட்டிங்கில் ஒரு தலைவலி உண்டு. ஒரு மிதிக்கு இரண்டு ஈவென்ட் என்பது போய், ஒரு சரிவு முழுக்கப் புள்ளிகளாக விழும். கால் லேசாக ஆடிக்கொண்டே 64-க்கு அருகில் நின்றால் 61, 66, 63, 65 என்று பதிவாகும். ஆன்-ஆஃப் மட்டும் புரியும் வாத்தியத்தில் இது பெடலைப் படபடவென்று மிதித்தது போல் கேட்கும். அந்த இடத்தில் புள்ளிகளை அழித்து ஒரே ஒரு 127 அல்லது 0 வைத்துவிடுங்கள். லேயர் அடுக்கும் வேலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஆன்-ஆஃப் பெடலே போதும் என்பது என் கருத்து. தனிப் பியானோ பதிவு செய்பவருக்கு அரைப் பெடல் கட்டாயம்.

பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் லேயர் சேர்த்தால் ஒரே குழப்பமாக இருக்கிறது.

பியானோ நோட் பெடலில் நின்றாலும் தானாகத் தேய்ந்து அடங்கும். ஸ்ட்ரிங்ஸ் தேயாது. பெடலில் பிடித்த கடந்துபோன சுரங்கள் எல்லாம் முழு பலத்தோடு நிற்கும். அதே மிடியை ஸ்ட்ரிங்ஸ் டிராக்குக்கு நகலெடுத்து, அதிலிருந்து சிசி 64 முழுவதையும் அழித்துவிடுங்கள். பிறகு கார்டின் நோட்டுகளை மட்டும் வைத்து, அடுத்த கார்டு வரும்வரை கையால் நீட்டுங்கள். ஓடும் சுரங்கள் பியானோவிலேயே இருக்கட்டும். வெலாசிட்டியையும் சமப்படுத்துங்கள், பியானோவுக்கு வாசித்த 110 ஸ்ட்ரிங்ஸில் திடீரென்று முட்டும்.

சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் கமகம் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. பிட்ச் பெண்டும் பெடலைப் போலவே சேனல் முழுவதற்கும் பொதுவானது. வயலின் லேயருக்காக ரிஷபத்தை அசைத்தால், அதே சேனலில் இருக்கும் பியானோவும், பெடலில் நின்றுகொண்டிருக்கும் ஷட்ஜமும் சேர்ந்து அசையும். கமகம் வரும் டிராக்கைக் கண்டிப்பாகத் தனிச் சேனலில் வையுங்கள்.

இரண்டு பியானோவை அடுக்கினால் சத்தம் கனமாகுமா?

ஒரே பியானோவை ஒரே மிடியோடு இரண்டு முறை ஓட்டினால் கனமாகாது, சத்தம்தான் கூடும். இரண்டும் அச்சு அசல் ஒன்றென்றால் 6 டெசிபல். ஒன்றைச் சில மில்லிசெகண்ட் நகர்த்தினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு டப்பாவுக்குள் வாசிப்பது போலாகும். கனம் வேண்டுமென்றால் வேறு ஒரு பியானோ சத்தத்தை எடுங்கள், அல்லது அதே பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள், அல்லது ஒன்றை ஒரு ஆக்டேவ் தள்ளுங்கள். இரண்டாவது லேயருக்குப் பெடலைக் குறைவாக வைத்தால் கீழே சேறு படியாது.

ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை கேட்கிறது.

கீபோர்டு தன் சத்தத்தைத் தானே எழுப்புகிறது, மென்பொருளும் அதே நோட்டைத் திருப்பி அனுப்புகிறது. கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அதன்பிறகும் பியானோ ரோலில் நோட்டுகள் ஜோடி ஜோடியாக விழுந்தால், கீபோர்டு லேயர் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கீபோர்டுகள் அந்த மோடில் இரண்டு சேனலில் அனுப்பும். பெடலும் இரண்டாகப் பதிவாகும்.

பெடலை நீளமாகப் பிடித்தால் பழைய நோட்டுகள் திடீரென்று மறைகின்றன.

பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை, தீர்ந்துபோகிறது. உங்கள் வாத்தியத்தில் 128 குரல் என்று வையுங்கள். ஸ்டீரியோ சாம்ப்ள் ஒரு நோட்டுக்கு இரண்டு குரல் எடுத்தால் 64 நோட். இரண்டு லேயர் அடுக்கினால் 32 நோட். டெம்போ 120-இல் பதினாறாம் பாக ஆர்பெஜியோ (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடிப்பது) ஒரு நொடிக்கு 8 நோட். பெடலை எடுக்காமல் 4 நொடி, அதாவது இரண்டு பார், போனால் 32 முடிந்தது. அடுத்த நோட் வர, மிகப் பழையது போகும். பழையது பெரும்பாலும் பாஸ் நோட்டாக இருப்பதால்தான் அடி வாங்கியது போல் தெரிகிறது. மென்பொருள் வாத்தியமென்றால் குரல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கீபோர்டென்றால் பெடலைக் கூடுதலாக ஓரிடத்தில் மாற்றுங்கள்.

லேயர் கூடக் கூட, அழுத்தியதும் சத்தம் வரத் தாமதமாகிறது.

கணினி திணறுவதால் பஃபரை, அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் அளவை, கூட்டியிருப்பீர்கள். 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்ப்ள் பஃபர் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். 1024 என்றால் 23. வாசிக்கும்போது குறைத்து வைத்து, முடித்த லேயர்களை ஃப்ரீஸ் (தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வைப்பது) செய்யுங்கள். மிக்ஸ் செய்யும்போது தாராளமாகக் கூட்டலாம்.

ஆடியோவாக ஏற்றுமதி செய்தால் கடைசி கார்டின் வால் வெட்டுப்படுகிறது.

மென்பொருள் கடைசி நோட்டின் மிடி நீளத்தோடு நிறுத்திவிடுகிறது. பெடலில் நின்று தேயும் சத்தம் அதன் பின்னால்தான் இருக்கிறது. ஏற்றுமதி எல்லையைக் காதால் கேட்டு, சத்தம் முழுக்க அடங்கியபின் இரண்டு நொடி தள்ளி வையுங்கள். கடைசிப் பெடலின் 0-ஐயும் பாருங்கள். டேக் முடிந்ததென்று காலைச் சட்டென எடுத்திருந்தால் வால் அங்கேயே அறுந்திருக்கும். அந்த 0-ஐ மட்டும் இழுத்துப் பின்னால் தள்ளினால் போதும். எல்லா லேயரின் கடைசி 0-வும் ஒரே இடத்தில் இருக்கவேண்டியதில்லை. ஸ்ட்ரிங்ஸை முதலில் விட்டுவிட்டு, பியானோவை ஒரு பார் கூடுதலாக நிறுத்தினால் முடிவு இயல்பாக இருக்கும்.